இ.சி.எம். மாற்றச் சொல்கிறார்கள்: எந்தச் சோதனையைச் செய்துவிட்டுச் சொல்கிறார்கள்?

திருப்பூரைச் சேர்ந்த வாசகர் ஒருவர் எழுதியிருக்கும் கடிதத்தின் சாரம் இது: 2017-ஆம் ஆண்டு வாங்கிய பெட்ரோல் கார், 68,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் உதறுகிறது. மேடு ஏறும்போது பிக்கப் இல்லை. மீட்டரில் மஞ்சள் நிற இன்ஜின் விளக்கு எரிகிறது. முதல் முறை ஒர்க்‌ஷாப்பில் ஸ்பார்க் பிளக்குகளுக்குத் தீப்பொறிக்கான மின்சாரம் தரும் நான்கு இக்னிஷன் காயில்களையும் மாற்றினார்கள். பத்தே நாளில் விளக்கு திரும்ப வந்துவிட்டது. இரண்டாம் முறை பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சுத்தம் செய்து, பெட்ரோல் பம்பையும் மாற்றினார்கள். இதுவரை 31,400 ரூபாய் செலவாகியும் உதறல் நிற்கவில்லை. இப்போது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியான இ.சி.எம். போய்விட்டது, மாற்ற 42,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். மாற்றலாமா, இதுவரை கொடுத்த பணத்தைத் திரும்பப் பெற வழி உண்டா என்று கேட்கிறார். பில்கள், வண்டியின் குறையையும் வேலையையும் குறித்துத் தரும் ஜாப் கார்டுகள் ஆகியவற்றின் படங்களையும் அனுப்பியிருக்கிறார். முதல் ஜாப் கார்டின் ஓரத்தில் பி0302 என்று பேனாவால் எழுதியிருக்கிறது.

இப்போதைக்கு இ.சி.எம். மாற்றச் சம்மதிக்காதீர்கள். பி0302 என்பது காரில் பதிவாகும் பழுதுக் குறியீட்டு எண். அதற்கு, இரண்டாம் சிலிண்டரில் எரிதல் ஒழுங்காக நடக்கவில்லை, அதாவது அந்த ஒரு சிலிண்டர் 'மிஸ்' ஆகிறது என்று பொருள். அதற்கு மேல் அந்த எண் எதையும் சொல்வதில்லை. காயில், ஸ்பார்க் பிளக், இன்ஜெக்டர், வால்வு கசிந்து கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) குறைவது, காற்று உள்ளே போகும் இன்டேக் பக்கம் காற்று ஒழுகுவது, வயரிங்கில் ஒரு முனை துருப்பிடிப்பது என இவற்றில் எது நேர்ந்தாலும், பதிவான எண்ணைப் படிக்கும் ஸ்கேனரில் அதே எண்தான் வரும். ஸ்கேனர் எந்தச் சிலிண்டரில் தொல்லை என்று காட்டிக்கொடுக்கும்; எந்தப் பாகத்தில் என்பதை மெக்கானிக் சோதித்துத்தான் அறிய வேண்டும். ஒரே ஒரு சிலிண்டரைச் சுட்டிய எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு காயில்களையும் மாற்றியது முதல் பிழை. நான்கு சிலிண்டர்களுக்கும் பொதுவான பெட்ரோல் பம்பில் பிரஷர் குறைந்திருந்தால் பெரும்பாலும் நான்குமே தடுமாறும். ஒன்று மட்டும் தடுமாறும்போது பம்பை மாற்றியது இரண்டாம் பிழை.

செய்திருக்க வேண்டிய முதல் சோதனைக்குப் பாகமே வாங்க வேண்டியதில்லை. இரண்டாம் சிலிண்டரின் காயிலைக் கழற்றி மூன்றாவதில் போட வேண்டும். மூன்றாவதன் காயிலை இரண்டாவதில் போட வேண்டும். பதிவான எண்ணை அழித்துவிட்டு, உதறல் தெரியும் வரை வண்டியை ஓட்டி, மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டும். எண் பி0303 என்று மாறினால் காயில்தான் கெட்டிருக்கிறது, அந்த ஒன்றை மாற்றினால் போதும். பி0302 ஆகவே நின்றால் காயில் குற்றமற்றது. அடுத்து பிளக்கையும், அதன்பின் இன்ஜெக்டரையும் இதே முறையில் இடம் மாற்றிப் பார்க்கலாம். காயிலையும் பிளக்கையும் மாற்றிப் பார்க்க அரை மணி நேரம் போதும். உங்கள் பில்கள் இரண்டிலும் ஸ்பார்க் பிளக் என்ற வரியே இல்லை என்பதைக் கவனித்தேன். சாதாரண நிக்கல் பிளக்குகளைப் பல கார்களில் 40,000 கிலோமீட்டர் அளவிலேயே மாற்றச் சொல்கிறார்கள். 68,000 ஓடிய வண்டியில் அதைக் கழற்றிக்கூடப் பார்க்காமல் பெட்ரோல் பம்ப் வரைக்கும் போயிருக்கிறார்கள் என்றால் அது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பிளக்கும் இன்ஜெக்டரும் சரியாக இருந்தால் கம்ப்ரஷன் கேஜ் வைத்து நான்கு சிலிண்டர்களையும் அளக்கச் சொல்லுங்கள். இரண்டாவது மட்டும் மற்றவற்றைவிட நன்றாகக் குறைந்திருந்தால், பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட் பக்கம் கசிவு இருக்கிறது. அப்படி இருக்குமானால் இ.சி.எம்.மை எத்தனை முறை மாற்றினாலும் உதறல் நிற்காது.

இ.சி.எம். கெடவே கெடாது என்று நான் சொல்லவில்லை. தண்ணீர் புகுந்தாலோ, பேட்டரியின் பாசிட்டிவ், நெகட்டிவ் முனைகளை இடம் மாற்றிப் பூட்டிவிட்டாலோ கெடும். ஆனால் அதைக் குற்றம் சாட்டுமுன், அதற்கு 12 வோல்ட் சரியாக வருகிறதா, எர்த் சரியாக இருக்கிறதா, அதிலிருந்து இரண்டாம் காயிலுக்கும் இன்ஜெக்டருக்கும் போகும் வயர் அறுபடாமல் இருக்கிறதா என்ற மூன்றையும் பார்த்தாக வேண்டும். சென்ற மழைக்காலத்தில் என்னிடம் வந்த ஒரு வண்டிக்கும் வேறோர் இடத்தில் இ.சி.எம். என்றுதான் தீர்ப்பு எழுதியிருந்தார்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும், மறு முனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய அளவு 0.9-ஐத் தொட்டது. பேட்டரி தட்டைத் தூக்கினால், அடியில் எர்த் வயரின் போல்ட்டைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்திருந்தது. விரலால் அசைத்தால் வயர் ஆடியது. எமரி தாளால் தேய்த்து இறுக்கிய பிறகு அந்த வண்டி உதறவில்லை. உங்கள் வண்டியிலும் அதுவே காரணம் என்று இங்கிருந்து நான் சொல்ல முடியாது. எலி கடித்த வயராகவும் இருக்கலாம். மூடிய ஷெட்டில் நிற்கும் வண்டிகளில் அது அடிக்கடி நடக்கிறது. வயர்களை இணைக்கும் கப்ளரைக் கழற்றி, வயரைக் கையால் தடவிப் பார்க்காமல் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

இதற்கிடையில் ஒன்றைக் கவனியுங்கள். அந்த மஞ்சள் விளக்கு நிலையாக எரியாமல் கண் சிமிட்டுவதுபோல மின்னினால் வண்டியை ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் உள்ள, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்து அதை உருக்கிவிடும். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள் அதில் இருப்பதால், உங்கள் அடுத்த பில் இப்போதுள்ளதைவிடப் பெரிதாகிவிடும்.

தவறான கண்டறிதல் எல்லாமே மோசடி என்று நான் நினைக்கவில்லை. ஒரு மணி நேரம் மீட்டரோடு மல்லுக்கட்டும் மெக்கானிக்குக் கூலி கொடுக்க நம்மில் பலருக்கு மனம் வருவதில்லை. பாகம் மாற்றினால் மட்டும் மறுபேச்சின்றிக் கொடுக்கிறோம். ஆகவே கடைக்காரர் பாகத்தை மாற்றிப் பார்க்கிறார், அந்தச் சோதனையின் செலவு நம் தலையில் விழுகிறது. இந்த முறை வேறொரு ஒர்க்‌ஷாப்புக்கோ, நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனிடமோ போய், கண்டுபிடிக்க மட்டும் எவ்வளவு என்று கேட்டு, அதைத் தனியாகக் கொடுங்கள். என்ன சோதித்தார்கள், என்ன அளவு வந்தது, எந்த முடிவுக்கு வந்தார்கள் என்பதைத் தேதியும் கையொப்பமும் வைத்து எழுதித் தரச் சொல்லுங்கள். பழுதைச் சரிசெய்வதற்கு முன்பே அதை வாங்கிவிட வேண்டும்; சரிசெய்த பிறகு பழைய நிலைக்குச் சான்று இல்லாமல் போய்விடும்.

பணத்தைத் திரும்பக் கேட்பதற்கும் அந்தத் தாள்தான் ஆதாரம். கழற்றிய நான்கு காயில்களையும் பம்பையும் முதல் ஒர்க்‌ஷாப்பில் கேட்டு வாங்குங்கள். அவை நன்றாக வேலை செய்கின்றன என்று இரண்டாம் இடத்தில் எழுதிக் கொடுத்தால் உங்கள் வாதம் வலுக்கும். பில்லில் பாகத்தின் எண், விலை, லேபர் சார்ஜ் தனித்தனியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஜி.எஸ்.டி. எண் இல்லாத கடைக்கு அந்த வரியை வசூலிக்க உரிமை இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் எல்லா வாகன உதிரிபாகங்களுக்கும் 18 விழுக்காடுதான். அதற்குப் பிந்தைய பில்லில் 28 என்று இருந்தால் திருத்தித் தரச் சொல்லுங்கள்.

முதலில் நேரில் பேசுங்கள். பெரும்பாலான கடைக்காரர்கள் பெயர் கெடுவதை விரும்பமாட்டார்கள். பம்பைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தருவதற்கோ, லேபர் சார்ஜைக் கழித்துக்கொள்வதற்கோ சம்மதிக்கக்கூடும். மறுத்தால், நடந்ததையும் கேட்கும் தொகையையும் குறித்து விரைவு அஞ்சலில் ஒரு கடிதம் அனுப்பி, 15 நாள் அவகாசம் கொடுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேவைக் குறைபாட்டுக்காக மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை நாடலாம். கடை வேறு ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட அந்தச் சட்டம் இடம் தருகிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்பதால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

பணம் பாக்கி என்று வண்டியைத் தராமல் பிடித்துவைத்தால் சண்டைக்குப் போகாதீர்கள். ஒப்புக்கொண்ட வேலைக்கான கூலி வரும்வரை பொருளைத் தன்னிடம் வைத்திருக்க 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆம் பிரிவு வேலை செய்தவருக்கு உரிமை தருகிறது. பில்லின் இரு பிரதிகளிலும் 'ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டு, ரொக்கமாகத் தராமல் வங்கி வழியாகச் செலுத்தி, வண்டியை எடுத்துக்கொண்டு வாருங்கள்.

இத்தனை சோதனைக்குப் பிறகும் இ.சி.எம்.தான் என்று எழுத்தில் வந்தால், கழற்றிய பழைய பெட்டியைக் கையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் உள்ள வண்டிகளில் சாவிகளின் அடையாளம் அதோடு இணைக்கப்பட்டிருப்பதால், புதியதைப் போட்டபின் இருக்கும் எல்லாச் சாவிகளையும் மறுபடி பதிய வேண்டும். அந்தக் கூலியும் 42,000 ரூபாய்க்குள் அடங்குமா என்பதை எஸ்டிமேட்டிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்; இரண்டாவது சாவியையும் அன்று மறக்காமல் எடுத்துப் போங்கள்.