அகராதிக்காரர்கள் 'ஆண்டின் சொல்'லை எப்படித் தேர்வு செய்கிறார்கள்? தமிழுக்கு ஏன் அப்படி ஒன்று இல்லை?

ஆங்கில அகராதி நிறுவனங்கள் வருஷா வருஷம் அந்த வருஷத்தைக் காட்டும் ஒரு சொல்லை 'ஆண்டின் சொல்' என்று அறிவிக்கின்றன. அந்த வருஷம் அதிகம் புழங்கிய சொல்லை எடுப்பார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி எடுத்தால் வருஷா வருஷம் 'ஒரு', 'அந்த', 'என்று' இவைதான் ஜெயிக்கும். போன வருஷம் சும்மா கிடந்த சொல் இந்த வருஷம் எவ்வளவு உயரம் எழும்பியிருக்கிறது என்பதைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள்.

நான் பாளையங்கோட்டையில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறேன். அகராதி இல்லாமல் எனக்கு ஒரு நாளும் ஓடாது. அதனால் இந்த அறிவிப்புகளை ஆசையாகக் கவனித்து வருகிறேன்.

ஆக்ஸ்ஃபோர்டு 2004 முதல் தேர்வு செய்கிறது. செய்தித்தாள், வலைத்தளம் என்று கோடிக்கணக்கான சொற்களைக் கணினியில் சேர்த்துக்கொண்டே போய், எந்தச் சொல் திடீரென்று ஏறுகிறது என்று பார்ப்பார்கள். 2013-இல் 'செல்ஃபி' ஜெயித்தபோது, அதன் புழக்கம் ஒரே வருஷத்தில் 17,000 சதவீதம் ஏறியிருந்தது. கடைசி முடிவு ஆசிரியர் குழுவுடையது. ஆனால் 2022-இல் முதல்முறையாக மூன்று சொற்களைக் கொடுத்து மக்களை வாக்களிக்கச் சொன்னார்கள். மூன்று லட்சத்துக்கு மேல் வாக்கு விழுந்தது, 'காப்ளின் மோட்' ஜெயித்தது; யார் என்ன நினைத்தால் என்ன என்று சோம்பிக் கிடப்பதைச் சொல்லும் சொல் அது. 2020-க்கு ஒரு சொல் போதாது என்று ஒரு பட்டியலையே வெளியிட்டார்கள்.

அமெரிக்காவின் மெரியம்-வெப்ஸ்டர் வேறு வழியில் போகிறது. 2003 முதல், பெரும்பாலும் தங்கள் இணைய அகராதியில் மக்கள் எந்தச் சொல்லுக்குப் பொருள் தேடினார்கள் என்று எண்ணுகிறார்கள். எப்போதுமே அதிகம் தேடப்படும் சொற்களை ஒதுக்கிவிட்டு, அந்த வருஷம் துள்ளியதை எடுப்பார்கள். 2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவை 'பேண்டமிக்', அதாவது பெருந்தொற்று என்று அறிவித்தது. அன்று அந்தச் சொல்லைத் தேடியவர்கள் முந்தைய ஆண்டின் அதே நாளைவிட 1,15,806 சதவீதம் அதிகம். என் மனசு இந்த முறை பக்கம்தான். எழுதுகிறவர்கள் என்ன எழுதினார்கள் என்பதைவிட, படிக்கிறவர் எங்கே தடுக்கி நின்றார் என்பது அந்த வருஷத்தை நன்றாகச் சொல்கிறது.

இதை எனக்குப் புரியவைத்தது எங்கள் தெரு ஆச்சி ஒருவர். 2023 டிசம்பரில் 17, 18 தேதிகளில் தாமிரபரணியில் வந்த வெள்ளம் இங்கே யாருக்கும் மறக்காது. கரண்ட் இல்லை. சார்ஜ் மிச்சமிருந்த என் போனில் நாலைந்து பேர் செய்தி கேட்டுக்கொண்டிருந்தோம். பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு என்று அணை அணையாகத் திறந்துவிடும் தண்ணீரை வினாடிக்கு இத்தனை கன அடி என்று வாசித்தார்கள்.

"கன அடி, கன அடின்னு சொல்லுதாவளே, அப்படின்னா என்னய்யா? குறுக்குத்துறைக் கோயில் முங்கிட்டா, அதைச் சொல்லு."

ஆற்றுக்குள்ளேயே இருக்கிற அந்த முருகன் கோயில்தான் எங்கள் ஊருக்கு அளவுகோல். கோயிலில் தண்ணீர் எதுவரை நிற்கிறது என்று கேட்டே வெள்ளத்தை அளந்து பழகியவர்கள் நாங்கள்.

"ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உசரத்துல ஒரு பெட்டி இருந்தா அதுல பிடிக்கிற தண்ணி, ஆச்சி. இருபத்தெட்டு லிட்டர் வரும். நம்ம குடத்துக்கு ரெண்டு குடம்."

"ஒரு நாளைக்கா?"

"கண்ணை மூடி முழிக்கதுக்குள்ள."

ஆச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப பத்தாயிரம்னா இருபதாயிரம் குடமா?" என்று கேட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். அன்று சாயங்காலத்துக்குள் இன்னும் மூன்று பேர் என்னிடம் அதே கேள்வியைக் கேட்டார்கள். மெரியம்-வெப்ஸ்டர் கணினியில் எண்ணுவது இதைத்தானே!

என்னைக் கேட்டால், 2023-இல் திருநெல்வேலிச் சீமையின் சொல் 'கன அடி'. பழைய சொல்தான், பேப்பரில் அணை நீர்மட்டம் போடும் கட்டத்தில் எத்தனையோ காலமாகக் கிடந்தது. ஆண்டின் சொல் புதுசாக இருக்க வேண்டும் என்று எங்கும் விதி இல்லை. கேம்பிரிட்ஜ் அகராதி அதே 2023-இல் எடுத்த 'ஹாலுசினேட்' கூடப் பழைய சொல். செயற்கை நுண்ணறிவு இல்லாததை இருப்பதாகச் சொல்வதற்கு அது புதுப்பொருளில் வந்தது.

சரி, தமிழுக்கு ஏன் இல்லை? ஆக்ஸ்ஃபோர்டு இந்திக்குக்கூட 2017-இல் 'ஆதார்', 2020-இல் 'ஆத்மநிர்பர்தா' (தற்சார்பு) என்று அறிவித்தது. நம்மிடம் சொல்லுக்கோ அகராதிக்கோ பஞ்சம் இல்லை. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி உண்மையான எழுத்துகளிலிருந்து எடுத்துக்காட்டுகளைத் திரட்டித்தான் 1992-இல் வந்தது. ஆனால் அடுத்த பதிப்புகள் 2008, 2020 என்று இடைவெளி விட்டே வந்தன. ஆண்டின் சொல்லுக்குத் தினசரிக் கணக்கு வேண்டும். நாலு அறிஞர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து தேர்ந்தெடுத்தால் அழகான சொல் கிடைக்கும், அந்த வருஷத்தின் சொல் கிடைக்காது. தமிழ் இணைய அகராதி நடத்துகிறவர்கள் அந்த மாதம் அதிகம் தேடப்பட்ட பத்துச் சொற்களை மாதாமாதம் வெளியிட்டாலே போதும், தொடங்கிவிடலாம்.

அடுத்த வருஷம் ஐப்பசியில் மழை பிடித்தபோது ஆச்சி வாசலில் நின்று கூப்பிட்டார். "இன்னைக்கு எத்தனை கன அடி தொறந்திருக்காவ?" குறுக்குத்துறையை அதற்கு அப்புறம்தான் விசாரித்தார்.