மும்பையில் ஒரே ஒரு பகல்தான் இருக்கிறது. எதைப் பார்ப்பது, எதை விடுவது?

காலையில் ரயிலில் வந்து இறங்கி இரவு வண்டியில் திரும்புகிறவர் கேட்கும் கேள்வி இது. முதலில் எதை விடுவது என்று முடிவு செய்யுங்கள். ஜுஹு, பாந்த்ரா, சித்திவிநாயகர், ஹாஜி அலி எல்லாவற்றையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். மும்பை வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் ஊர். வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று என்று வைத்துக்கொண்டால் பாதிப் பகல் சாலையிலேயே கரையும். தென்முனையில் சி.எஸ்.எம்.டி. (சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ் ரயில் நிலையம்), கேட்வே ஆஃப் இந்தியா, சர்ச்கேட் ஸ்டேஷன் மூன்றுக்கும் இடைப்பட்ட பகுதி நடந்தே சுற்றக்கூடியது. ஒரு நாளுக்கு அது தாராளம்.

நம் பக்கத்து ரயில்கள் சில சி.எஸ்.எம்.டி. வரை போகும், சில தாதரோடு நிற்கும், சில குர்லாவில் இருக்கும் லோகமான்ய திலக் டெர்மினஸுக்கு, அதாவது எல்.டி.டி.க்கு வரும். எல்.டி.டி.யில் இறங்கினால் பக்கத்திலேயே திலக் நகர் ஸ்டேஷன். அங்கிருந்து ஹார்பர் லைன் லோக்கல் நேராக சி.எஸ்.எம்.டி. போகும். எங்கே இறங்கினாலும் எட்டு மணிக்குள் லோக்கல் ஏறிவிடுங்கள். எட்டிலிருந்து பதினொன்று வரை மொத்த ஊரும் தெற்கு நோக்கித்தான் போகும். பெட்டியும் பையுமாக அந்தக் கூட்டத்தில் ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. அவசரத்தில் முதல் வகுப்புப் பெட்டியில் ஏறிவிட்டால் அபராதம் உண்டு. மூட்டை முடிச்சுகளை சி.எஸ்.எம்.டி. கிளோக் ரூமில் போட்டுவிடுங்கள். பூட்டுப் போடாத பையை அங்கே வாங்க மாட்டார்கள், ரயில் டிக்கெட்டையும் கேட்பார்கள். ஊரிலிருந்து கிளம்பும்போதே ஒரு சின்னப் பூட்டு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டேஷனுக்கு வெளியே ஆட்டோ தேடாதீர்கள். தென் மும்பைக்குள் ஆட்டோவுக்கு அனுமதி கிடையாது, பாந்த்ராவிலும் சயானிலும் அவை நின்றுவிடும். மஞ்சள் கறுப்பு டாக்ஸியில் மீட்டர் போடச் சொல்லி கேட்வே ஆஃப் இந்தியாவுக்குப் போங்கள். ஐந்தாம் ஜார்ஜ் 1911இல் வந்து இறங்கியதன் நினைவாக எழுப்பிய வளைவு அது. கட்டி முடிந்தது 1924இல். சுதந்திரத்துக்குப் பிறகு கடைசி பிரிட்டிஷ் படைப்பிரிவு 1948 பிப்ரவரியில் இதே வளைவு வழியாகத்தான் கப்பலேறியது. பதினைந்து நிமிடம் பார்த்தால் போதும். நீங்கள் வந்த காரியம் படகு.

எலிஃபெண்டா என்கிற காராபுரி தீவுக்கு முதல் படகு ஒன்பது மணி வாக்கில் கிளம்பும், போக ஒரு மணி நேரம் ஆகும். அந்த முதல் படகையோ அடுத்ததையோ பிடித்தால்தான் மதியம் இரண்டுக்குள் திரும்பலாம். பதினொரு மணிப் படகில் போனால் மாலை முழுதும் போச்சு. திங்கட்கிழமை குகைக்கு விடுமுறை. இது தெரியாமல் வருகிறவர்கள் ஏராளம். மழைக்காலத்தில், ஜூன் முதல் செப்டம்பர் வரை, கடல் கொந்தளித்தால் படகை நிறுத்திவிடுவார்கள். திரும்பும் டிக்கெட்டும் சேர்த்துத்தான் தருவார்கள், தொலைத்துவிடாதீர்கள்.

இறங்குதுறையிலிருந்து குட்டி ரயில் உண்டு, நடந்தாலும் சிறு தூரம்தான். அதன்பின் ஏறக்குறைய 120 படி. முட்டி வலி உள்ளவர்களுக்கு டோலி கிடைக்கும். கூலியை ஏறும் முன்பே பேசி முடியுங்கள். கையில் தின்பண்டம் தெரிந்தால் குரங்கு பிடுங்கும், தண்ணீர் பாட்டிலையும் விடாது. எல்லாம் பைக்குள் இருக்கட்டும்.

ஐந்து குகைகளும் பார்க்க வேண்டும் என்று அலைய வேண்டாம். முதல் குகையில் ஒரு மணி நேரம் நில்லுங்கள். ஆறாம் நூற்றாண்டு வேலை அது, நம் மாமல்லபுரக் குடைவரைகளுக்கும் முந்தியது. நுழைந்ததும் வலப்பக்கம் நடராஜர். கை கால் உடைந்திருந்தாலும் உடம்பின் வளைவிலேயே ஆட்டம் தெரியும். நேர் எதிரே கடைசிச் சுவரில் சுமார் 18 அடி உயரத்தில் மூன்று முகச் சிற்பம். இதைப் பிரம்மா, விஷ்ணு, சிவன் என்று சொல்லிக்கொடுக்கும் வழிகாட்டிகள் உண்டு. அது தவறு, மூன்றும் சிவனின் முகங்களே, இது சதாசிவ வடிவம். நீங்கள் பார்க்கும்போது இடப்பக்கம் பாம்பைப் பிடித்த உக்கிரமான அகோரம், வலப்பக்கம் பெண்மைச் சாயல் கொண்ட வாமதேவம், நடுவில் கண்மூடிய தத்புருஷம். இந்த மூன்று முகச் சிற்பத்துக்கு இடப்புறம் அர்த்தநாரீஸ்வரர், வலப்புறம் கங்காதரர். ராவணன் கயிலையைத் தூக்கும் காட்சியும் பார்வதி கல்யாணமும் உண்டு. இந்தக் கதைகளெல்லாம் நம் ஊர்க் கோயில்களில் பார்த்துப் பழகியவை. வழிகாட்டி இல்லாமலே உங்களால் படிக்க முடியும். உள்ளே நேரடி வெளிச்சம் குறைவு. கண் பழக ஐந்து நிமிடம் கொடுங்கள், அதுவரை கேமராவை எடுக்காதீர்கள்.

திரும்பி வந்ததும் கேட்வே எதிர்ச் சந்துகளில் சாப்பிட்டுவிட்டு நடக்க ஆரம்பியுங்கள். பத்து நிமிடத்தில் 1922இல் திறந்த அருங்காட்சியகம் வரும். பழைய பெயர் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மியூசியம், இப்போது சத்ரபதி சிவாஜி மகாராஜ் வாஸ்து சங்க்ரஹாலயா. மழையோ திங்கட்கிழமையோ படகைக் கெடுத்தால் அதுதான் உங்கள் காலைப்பொழுது. படகில் போய் வந்திருந்தால் வெளியிலிருந்தே பார்த்துவிட்டு பக்கத்திலிருக்கும் காலா கோடா பகுதி வழியாக ஓவல் மைதானம் போங்கள். மைதானத்தின் நடுவில் நின்றால் கிழக்கே 85 மீட்டர் ராஜாபாய் மணிக்கூண்டும் உயர்நீதிமன்றமும், எல்லாம் விக்டோரியா காலத்து கோதிக். மேற்கே திரும்பினால் 1930களின் ஆர்ட் டெகோ குடியிருப்புகள், வளைந்த பால்கனியும் வண்ணப் பட்டைகளுமாக. இரண்டையும் சேர்த்தே யுனெஸ்கோ 2018இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இவ்வளவு அழகான இடத்தில் அனுமதிச் சீட்டும் இல்லை, வரிசையும் இல்லை. பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள், பந்து வரும், பார்த்து நடங்கள்.

அங்கிருந்து சர்ச்கேட் தாண்டினால் மரைன் டிரைவ். நம் மெரினா சூரிய உதயத்துக்கு, இது அஸ்தமனத்துக்கு. டிசம்பரில் ஆறு மணி வாக்கில் சூரியன் இறங்கும், ஜூனில் ஏழேகால் ஆகும். அரை மணி முன்னதாகப் போய்ச் சுவரில் இடம் பிடியுங்கள். கரையில் கொட்டியிருக்கும் நாற்கால் கான்கிரீட் கட்டைகள் மீது இறங்க வேண்டாம். பாசி வழுக்கும், இடுக்கில் விழுந்தவரை மேலே கொண்டுவருவது கடினம்.

இருட்டியதும் சி.எஸ்.எம்.டி.க்கே திரும்புங்கள். 1888இல் கட்டி முடித்த அந்த நிலையத்தைக் காலையில் பெட்டியும் கையுமாகப் பார்த்திருக்க மாட்டீர்கள். விளக்கு போட்ட பிறகு எதிரே மாநகராட்சிக் கட்டடத்து முனையில் நின்று பாருங்கள்: குவிமாடத்தின் உச்சியில் தீப்பந்தம் ஏந்திய பெண் சிலை, வாசல் தூண்களில் ஒருபக்கம் சிங்கம், மறுபக்கம் புலி. சிங்கம் பிரிட்டன், புலி இந்தியா.

இரவு வண்டி தாதரில் என்றால் கூடுதலாக ஒன்று செய்யலாம். மாலைக் கூட்டம் வடக்கு நோக்கிப் போகும், ஒன்பது மணிக்குப் பிறகுதான் தணியும். அதற்குப் பின் ஸ்லோ லோக்கலில் தாதரைத் தாண்டி அடுத்த ஸ்டேஷனான மாட்டுங்காவில் இறங்குங்கள். ஃபாஸ்ட் வண்டி அங்கே நிற்காது. பல தலைமுறைகளாகத் தமிழர்கள் வாழும் பகுதி. கிங்ஸ் சர்க்கிள் பக்கம் நடந்தால் நம் ஊர் டிபனும் டிகிரி காபியும் கிடைக்கும். கடை அடைக்கும் நேரமாகியிருக்கலாம், பத்து மணிக்கு முன் போய்விடுங்கள். ரயிலுக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தால் மாட்டுங்காவை விட்டுவிட்டு ஸ்டேஷன் வாசலிலேயே சூடாக ஒரு வடா பாவ் வாங்கிக்கொள்ளுங்கள்.