கொரியா 1997: தங்கத்துக்கு ஒரு பத்தி போதும்

நண்பரே, 1997 நிதி நெருக்கடியிலிருந்து தென்கொரியா மீண்டதற்கு, நாட்டுக்காக மக்கள் கொடுத்த தங்கமே காரணம் என்று கட்டுரையில் எழுதலாமா எனக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அதில் திரண்டது ஏறத்தாழ 200 கோடி டாலர், சர்வதேச நாணய நிதியம் (ஐ.எம்.எஃப்.) கடனாகத் தர ஒப்புக்கொண்டது மட்டுமே சுமார் 2,100 கோடி.

கடனைப் பிடித்துக்கொண்டு எழுதுங்கள். பெருங்குழுமங்கள் கடன்மேல் கடன் வாங்கி விரிவதுதான் பழைய வளர்ச்சி வழி. 1999 முடிவதற்குள் கடன் சொந்த மூலதனத்தின் இரு மடங்குக்குள் இறங்க வேண்டும், குழும நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று ஜாமீன் நிற்கக் கூடாது என்று அரசு நெருக்கியது. அக்குழுமங்களில் ஒன்றான தேவூ தாங்காமல் அதே ஆண்டு சரிந்தது.

சறுக்கிய இடத்தையும் விடாதீர்கள். உள்நாட்டுச் செலவைத் தூண்ட கிரெடிட் கார்டுக்கு வரிச்சலுகை, போதாததற்கு ரசீதுக்குக் குலுக்கல் பரிசு வேறு! கடன் குடும்பங்களின் தலைக்கு மாறியது. ஒரு கார்டில் எடுத்து இன்னொன்றை அடைத்தார்கள். 2003இல் கார்டு நிறுவனங்களையே மீட்க வேண்டியதாயிற்று.