கார்னரில் ஆளைப் பிடிப்பதா, இடத்தைப் பிடிப்பதா?

கேள்வி: எங்கள் கல்லூரி கால்பந்து அணிக்குப் பயிற்சி கொடுக்கிறேன். ஓடும் ஆட்டத்தில் நாங்கள் கோல் விடுவது குறைவு. வாங்குவதெல்லாம் கார்னரிலும் ஃப்ரீ கிக்கிலும்தான். இப்போது ஆளுக்கு ஒரு ஆள் என்று மேன் மார்க்கிங் ஆடுகிறோம். ஆளை விட்டு இடத்தைக் காக்கும் ஸோனலுக்கு மாறினால் சரியாகுமா? கீப்பர் உயரம் குறைவு. வாரத்தில் மூன்று நாள்தான் பயிற்சி. போஸ்டில் (கோல் கம்பத்தில்) ஆள் நிறுத்துவதா வேண்டாமா என்று பையன்களுக்குள் ஓயாத வாக்குவாதம் வேறு.

பதில்: மாறுங்கள், ஆனால் முழுசாக மாற வேண்டாம். உங்கள் அணியில் தலையால் நன்றாக முட்டுகிற மூன்று நான்கு பேரை மட்டும் ஆள் பிடிக்கும் வேலையிலிருந்து விடுவித்து, பந்து வந்து இறங்கும் இடத்தில் நிறுத்துங்கள். வேறு மூன்று பேர் எதிரணியின் உயரமான ஆட்களை வழிமறிக்கட்டும். பெரிய அணிகள் பலவும் இன்று இந்தக் கலப்பு முறையைத்தான் ஆடுகின்றன.

மேன் மார்க்கிங்கில் உள்ள பெரிய கோளாறு இது: உங்கள் நல்ல ஸ்டாப்பர் (நடு டிஃபெண்டர்) எங்கே நிற்பான் என்பதை எதிரணி முடிவு செய்கிறது. அவன் பிடித்திருக்கும் ஆள் செகண்ட் போஸ்டை, அதாவது கார்னருக்குத் தள்ளி இருக்கும் கம்பத்தை, தாண்டி நடந்து போனால் இவனும் பின்னாலேயே போயாக வேண்டும். பந்து கார்னருக்குக் கிட்டே இருக்கும் ஃபர்ஸ்ட் போஸ்டில் இறங்கும். அங்கே உங்கள் அணியிலேயே குள்ளமான விங்கர் நின்றுகொண்டிருப்பான். அப்புறம், பிடிப்பவன் பந்தையும் ஆளையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. பந்தின் பக்கம் கண் போன அரை நொடியில் ஆள் கிளம்பிவிடுவான்.

2014 உலகக் கோப்பை அரையிறுதியில் பிரேசில் ஜெர்மனியிடம் 7-1 என்று தோற்றதை எல்லாரும் சொல்வார்கள். பயிற்சியாளர்கள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டியது அதில் முதல் கோலை. 11-வது நிமிடம், டோனி குரூஸ் எடுத்த கார்னர். தாமஸ் முல்லரோடு இருக்க வேண்டியவர் டேவிட் லூயிஸ். முல்லர் நகர்ந்ததும் பின்னால் போகப் பார்த்தார், நடுவில் நின்ற கூட்டத்தில் சிக்கிக்கொண்டார். முல்லர் கோல் முன்னால் தனியாளாக நின்று, காலால் தட்டி உள்ளே அனுப்பினார். ரீப்ளேயில் பந்தைப் பார்க்காதீர்கள். டேவிட் லூயிஸின் பாதையை மட்டும் பாருங்கள். அவர் தூங்கவில்லை. வழி அடைபட்டது, அவ்வளவுதான்.

நான்கு வருஷம் கழித்து இங்கிலாந்து இதையே ஒரு கலையாக்கியது. 2018 உலகக் கோப்பையில் அவர்கள் அடித்த 12 கோல்களில் பெனால்டியும் சேர்த்து 9 செட் பீஸில், அதாவது கார்னர், ஃப்ரீ கிக் மாதிரி நிறுத்தி எடுக்கும் பந்தில், வந்தவை. கார்னர் என்றதும் மகுவையர், ஸ்டோன்ஸ், கேன் எல்லாரும் ரேஷன் கடை வரிசை மாதிரி ஒருவர் பின்னால் ஒருவராக ஒட்டி நிற்பார்கள். வரிசையின் நடுவில் இருப்பவரை எப்படிப் பிடிப்பது? பந்து கிளம்பியதும் ஆளுக்கொரு திசையில் சிதறுவார்கள். பிடிக்க வந்தவர்கள் ஒருவரோடு ஒருவர் முட்டிக்கொள்வார்கள். பனாமாவுக்கு எதிரான ஆட்டத்தில் ஸ்டோன்ஸ் மட்டுமே இரண்டு கோல் போட்டார்.

சரி, அப்படியானால் முழு ஸோனலே ஆடிவிடலாமே? அதிலும் ஓட்டை இருக்கிறது. 2004-ல் வலென்சியாவிலிருந்து லிவர்பூலுக்கு வந்த ரஃபா பெனிடெஸ் கார்னரில் ஸோனல் ஆட வைத்தபோது, இங்கிலாந்து தொலைக்காட்சி விமர்சகர்கள் அவரைச் சும்மா விடவில்லை. கோல் போடுவது ஆள்தானே, இடமா போடுகிறது என்பது அவர்கள் வாதம். எனக்கு அந்த வாதம் அரைகுறையாகத்தான் படுகிறது. மேன் மார்க்கிங்கில் கோல் விழுந்தால் ஒரு பையனைத் திட்டிவிட்டுப் போய்விடுகிறோம், முறையைக் குறை சொல்வதில்லை. ஸோனலில் விழுந்தால் திட்ட ஆள் கிடைக்காது. பழி முழுக்க முறையின் மேல்.

உண்மையான ஓட்டை எதிரி ஓடி வரும் வேகம். ஸோனலில் நிற்பவன் நின்ற இடத்திலிருந்து எழும்புகிறான். எதிரி ஏழெட்டு மீட்டர் ஓடி வந்து எழும்புகிறான். 2010 உலகக் கோப்பை அரையிறுதியில், 73-வது நிமிடம், சாவி எடுத்த கார்னரை முட்டி ஜெர்மனியை வெளியே அனுப்பிய ஸ்பெயின் டிஃபெண்டர் கார்லஸ் புயோலின் உயரம் 178 செ.மீ. ஜெர்மனி டிஃபென்ஸில் 198 செ.மீ. மெர்டெசாக்கர் இருந்தார். என்ன பயன்? புயோல் தூரத்திலிருந்து முழு வேகத்தில் வந்தார். அந்த வேகம் கிடைத்துவிட்டால் உயரம் கணக்கிலேயே வராது. அதனால்தான் வழிமறிக்க மூன்று பேர் வேண்டும் என்கிறேன்.

இப்போது ஆட்களை நிறுத்துவோம். கோலை ஒட்டிய சின்ன பாக்ஸின் 5.5 மீட்டர் கோட்டில் மூன்று பேர்: ஃபர்ஸ்ட் போஸ்டுக்கு நேராக ஒருவன், கோலின் நடுவில் ஒருவன், செகண்ட் போஸ்டுக்கு நேராக ஒருவன். இவர்கள்தான் உங்கள் நல்ல ஹெட்டர்கள். இவர்களுக்கு முன்னால், கார்னர் பக்கமாக, தாழ்வாக வரும் பந்தை வெட்ட நான்காவது ஆள். பெனால்டி ஸ்பாட்டை ஒட்டி வழிமறிக்கும் மூவர். பெரிய பாக்ஸின் விளிம்பில், வெளியே வரும் பந்துக்கு ஒருவன். ஷார்ட் கார்னர் (பந்தைப் பக்கத்தில் நிற்பவனுக்கே தட்டிவிடுவது) எடுத்தால் ஓட ஒருவன். மேலே ஒரே ஒரு ஸ்ட்ரைக்கர். அவனைக் கீழே கூப்பிடாதீர்கள். அவன் அங்கே நின்றாலே எதிரணி இரண்டு பேரைப் பின்னால் வைக்க வேண்டியிருக்கும்.

ஸோனலில் நிற்பவர்கள் பந்துக்கு முழுசாக முகம் கொடுத்து நிற்கக் கூடாது. உடலைப் பாதி திருப்பி, பந்தும் தெரிய வேண்டும், ஓடி வருபவனும் தெரிய வேண்டும். முன்னாலும் பக்கத்திலும் வருவது தன் பந்து, தலைக்கு மேல் போவது அடுத்தவன் பந்து. பின்னோக்கி நடந்துகொண்டே எழும்பும் டிஃபெண்டர் சரியாக முட்டியதை நான் பார்த்தது அபூர்வம்.

வழிமறிப்பவர்களிடம் ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள்: பந்தை முட்டுவது உங்கள் வேலை இல்லை, அவன் ஓட்டத்தைக் கெடுப்பதுதான் வேலை. முன்கூட்டியே பாதையில் போய் நிற்கலாம். நின்ற இடத்தில் நிற்க எந்த ஆட்டக்காரனுக்கும் உரிமை உண்டு. ஓடி வருபவன் குறுக்கே வேண்டுமென்றே நகர்ந்தால் அது ஃபவுல். சட்டையைப் பிடித்தால் கேட்கவே வேண்டாம். பந்து ஆட்டத்துக்கு வரும் முன் பிடித்தால் நடுவர் எச்சரிப்பார், கார்டு கூடக் காட்டலாம், ஆனால் பெனால்டி கிடையாது. பந்து உதைபட்ட பிறகு பிடித்தால் பெனால்டி. இந்த வித்தியாசம் பையன்கள் பலருக்குத் தெரிவதில்லை. கைகளை இறக்கி வைத்துக்கொண்டு நெஞ்சால் மறிக்கப் பழக்குங்கள்.

கீப்பர் உயரம் குறைவு என்றீர்கள். எதிரணி அதைப் பார்த்ததும் இரண்டு பேரை அவர் மேல் சாய்த்துவிட்டு, பந்தை உள்நோக்கி வளைத்துப் போடும். 2021-ல் நிக்கோலா ஜோவர் செட் பீஸ் பயிற்சியாளராக வந்த பிறகு இங்கிலாந்து கிளப்பான ஆர்செனல் இதை எப்படிச் செய்கிறது என்று பாருங்கள்: சாக்காவோ ரைஸோ பந்தைக் கிட்டத்தட்ட கோல் வாயிலேயே இறக்குவார்கள், கீப்பரைச் சுற்றிக் கூட்டம், வெளியிலிருந்து கேப்ரியல் வந்து முட்டுவார். அப்படிப்பட்ட பந்துக்கு யார் யாரைப் பிடித்திருக்கிறார்கள் என்பது முக்கியமே இல்லை. சின்ன பாக்ஸுக்குள் உங்கள் ஆள் இருக்கிறானா என்பதுதான் கேள்வி. நடுவில் நிற்கும் பலசாலியை ஒரு எட்டு கீப்பர் பக்கம் தள்ளி நிறுத்துங்கள். கீப்பர் வெளியே வருவதற்கு ஒரு பாதையைத் திறந்து வைப்பது அவன் பொறுப்பு.

பக்கவாட்டு ஃப்ரீ கிக் வேறு கதை. கார்னரிலும் த்ரோ-இன்னிலும் பந்து நேராக வந்தால் ஆஃப்சைடு (கீப்பரை விட்டால் கடைசி டிஃபெண்டரையும் தாண்டி நிற்கும் குற்றம்) இல்லை. ஃப்ரீ கிக்கில் உண்டு. ஆளைப் பிடித்துக்கொண்டு நின்றால் அவன் கோலை நோக்கி இறங்க இறங்க உங்கள் வரிசையும் இறங்கி, கீப்பர் மடியில் போய் உட்காரும். ஒரே கோட்டில் நில்லுங்கள், முடிந்தால் பெரிய பாக்ஸின் விளிம்பில். உதைப்பவன் கடைசி எட்டு எடுத்து வைக்கும்போது எல்லாரும் சேர்ந்து இறங்குங்கள்.

வாரம் மூன்று நாள் பயிற்சி இதற்குப் போதும். ஒரு நாள் முடிவில் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். முதலில் பந்தைக் கையால் எறிந்து, நடந்தே பழகட்டும், வேகமெல்லாம் பிறகு. மாற்று ஆட்டக்காரன் இறங்கும்போது அவன் யார் வேலையை எடுத்துக்கொள்கிறான் என்பதைப் பெயர் போட்டு எழுதி, ஆட்டத்துக்கு முன்பே காட்டிவிடுங்கள். 80-வது நிமிடத்துக்கு மேல் விழுகிற கார்னர் கோலுக்கு இந்தக் குழப்பம்தான் பல நேரம் காரணம்.

கடைசியாக அந்தப் போஸ்ட் சண்டை. இரண்டு போஸ்டிலும் ஆள் நிறுத்துவது வீண். வெளியே அந்த இருவர் கட்டாயம் தேவைப்படுவார்கள். எதிரணி உள்நோக்கி வளைத்துப் போடுகிறது என்று தெரிந்தால் மட்டும் செகண்ட் போஸ்டில் ஒருவனை வையுங்கள், விளிம்பில் நிற்பவனை அதற்கு எடுத்துக்கொள்ளலாம். பந்து வெளியே போனதும் அவனும் மற்றவர்களோடு சேர்ந்து மேலே ஓட வேண்டும். போஸ்டைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டால், திரும்பி வருகிற இரண்டாவது பந்துக்கு எதிரணி முழுக்க ஆன்சைடு.