தரகர் குறித்த நேரத்தில் ஆற்றைப் பார்க்காதீர்கள்

கேள்வி: கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டமொன்றில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். சேமநிதிப் பணத்தில், கிளையாற்றை ஒட்டிய ஓர் ஏக்கர் வாங்கிக் காய்கறி போட எண்ணுகிறேன். ஆற்று நீரையே இறைக்கலாம், உப்பு ஏறாது என்கிறார் தரகர். காலையில் போனபோது நீர் கடலை நோக்கித்தான் ஓடியது, கரிக்கவும் இல்லை. நம்பலாமா?

பதில்: ஐயா, முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். நீங்கள் பார்த்தது வற்றும் நேரத்து ஆறு.

நம் மலேசிய மேற்குக் கடற்கரையில் கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றுகிறது. ஏறும்போது சிலாங்கூர் ஆற்றில் புகும் நீர், கிளையாறுகளிலும் பின்னோக்கி ஓடும். அந்த நேரம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். ஆற்றோர நிலம் விற்கும் தரகருக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். வற்றும் மணி பார்த்துத்தான் உங்களை வண்டியில் ஏற்றுவார். அஷ்டமியை ஒட்டிப் போனால் ஆறு பசுவைப் போலச் சாதுவாக இருக்கும். அமாவாசை, பௌர்ணமி கழித்து ஓரிரு நாளில் போய்ப் பாருங்கள். கிள்ளான் துறைமுகத்தில் அப்போது ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் சுமார் 4 மீட்டர் வித்தியாசம் இருக்கும்.

நாக்கையும் நம்ப வேண்டாம். உப்புநீர் கனமானது, நன்னீருக்கு அடியில் படுத்தபடியே மேலேறும். மேலே அள்ளினால் கரிக்காது. அடியில் குழாயைப் போட்டு இறைத்தால் வெண்டை கருகிவிடும். மழை குறைந்த மாதத்தில், ஏற்ற நேரத்தில், ஆற்றின் அடிநீரை எடுத்துச் சோதனைக்குக் கொடுங்கள்.

கரையில் நிப்பா எனும் நீரோரப் பனை வரிசையாக நின்றால் உவர்நீர் வந்துபோகும் இடம் என்று கொள்ளுங்கள். கம்போங் குவாந்தானில் மின்மினிகள் மொய்க்கும் பெரெம்பாங் மரமும் அப்படித்தான். சற்றுக் குறைந்த உப்பில் வளரும். அதைக் கரையைச் சுத்தம் செய்வதாகச் சொல்லி வெட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு வயிறு எரிகிறது. நீங்கள் வாங்கினாலும் அதில் கை வைக்காதீர்கள். வேர் போனால் கரையும் சரியும்.

இதில் ஒரு விலக்கு உண்டு, பொறுமையாகப் படியுங்கள். கிளையாற்றின் வாயில் மதகு இருந்தால், உள்ளே நிப்பா நின்றாலும் நீர் நன்னீராக இருக்கலாம். அந்த மதகுக் கதவு கடல் பக்கமாக மட்டும் திறக்கும். வெளிநீர் தாழ்ந்தால் உள்நீர் அதைத் தள்ளித் திறக்கும். வெளிநீர் உயர்ந்தால் அது தானே மூடிக்கொள்ளும். மதகு கட்டுவதற்கு முன்பே வளர்ந்த நிப்பா அப்படியே நிற்கும். ஆகவே நிப்பாவைக் கண்டதும் திரும்பிவிடாமல் மதகைப் போய்ப் பாருங்கள். கதவிடுக்கில் ஒரு செம்பனை மட்டை சிக்கினால் போதும், உப்பு உள்ளே வந்துவிடும். கதவு சரியாக மூடினாலும், உச்ச ஏற்றத்தன்று கனமழை கொட்டினால் மழைநீர் வெளியேற வழியின்றி உங்கள் பாத்தியில் நிற்கும். பழுதான கதவொன்றைப் பற்றி நான் கடிதம் எழுதினேன். ஓர் அலுவலகம் அடுத்ததைக் கைகாட்டியது, அது மூன்றாவதை. ஒரு கதவைச் சரிசெய்ய எத்தனை முத்திரை வேண்டும்? அதற்குள் அங்கே இரண்டு போகம் கீரை போய்விட்டது.

பத்திரத்தையும் பாருங்கள். 'கிராண்ட் (நிலப்பட்டா) வந்துகொண்டிருக்கிறது' என்று சொல்லி டிஓஎல் எனும் தற்காலிக உரிம நிலத்தைத் தலையில் கட்டுவது இங்கே பழைய வேலை. அந்த உரிமம் அந்தந்த ஆண்டின் டிசம்பர் 31-உடன் முடிந்துவிடும். அதை விற்க முடியாது; உரிமம் பெற்றவர் இறந்தால் பிள்ளைக்கும் போகாது. ஆற்றோரத்தில் அரசின் ஒதுக்கு நிலமும் இருக்கும். நில அலுவலகத்தில் கட்டணம் செலுத்தி நீங்களே பதிவேட்டு நகல் எடுங்கள். தரகர் நீட்டும் நகல் வேண்டாம்.