காவல்துறைச் சான்றிதழும் முடிந்துபோன வழக்குகளும்

சட்டம்: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை காவல்துறைச் சரிபார்ப்பைப் பற்றியவை. ஒரே வகையான கேள்விகளைச் சேர்த்து, பொதுப் பயன் உள்ளவற்றுக்கு மட்டும் இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: நான் செவிலியர். இங்கிலாந்தில் மருத்துவமனை வேலை கிடைத்துள்ளது. ‘காவல்துறைச் சான்றிதழ்’ கேட்கிறார்கள். அதை எங்கள் ஊர்க் காவல் நிலையத்தில் வாங்குவதா, பாஸ்போர்ட் அலுவலகத்தில் வாங்குவதா? இதற்கு முன் இரண்டு ஆண்டுகள் சிங்கப்பூரில் பணியாற்றியிருக்கிறேன்.
– வாசகி, திண்டுக்கல்

பாஸ்போர்ட் அலுவலகத்தில் வாங்க வேண்டும். தமிழ்நாடு காவல்துறை தன் இணையதளத்தின் வழியாக வழங்கும் சரிபார்ப்புச் சேவை, உள்நாட்டில் வேலைக்கு ஆள் எடுப்பவருக்கும், வீட்டை வாடகைக்கு விடுபவருக்கும், வீட்டு வேலைக்கு ஆள் அமர்த்துபவருக்கும் ஏற்பட்டது. வெளிநாட்டு வேலை, குடியேற்றம், நீண்ட கால விசா ஆகியவற்றுக்கு இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கான ‘போலீஸ் கிளியரன்ஸ் சர்டிபிகேட்’டை, அதாவது பி.சி.சி.யை, வழங்குவது வெளியுறவு அமைச்சகத்தின் கீழ் உள்ள பாஸ்போர்ட் அலுவலகமே. சுற்றுலா விசாவுக்கு இது தரப்படுவதில்லை.

பாஸ்போர்ட் சேவா தளத்தில் விண்ணப்பித்து, 500 ரூபாய் கட்டணத்தை இணையத்திலேயே செலுத்தி, சேவை மையத்திலோ அஞ்சல் அலுவலகப் பாஸ்போர்ட் மையத்திலோ முன்பதிவு செய்துகொள்ளுங்கள். கடவுச்சீட்டில் உள்ள முகவரியிலேயே இப்போதும் வசிப்பவருக்கு ஆவண வேலை குறைவு. முகவரி மாறியிருந்தால் தற்போதைய முகவரிக்கான சான்றையும் எடுத்துச் செல்ல வேண்டும். காவல் நிலையத்திலிருந்து விசாரிக்க வருபவருக்குத் தனியாக எந்தப் பணமும் தர வேண்டியதில்லை என்பதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். ‘நானே முடித்துத் தருகிறேன்’ என்று ஆயிரக்கணக்கில் வாங்கும் இடைத்தரகர்களை நம்பி, வெளிநாடு போகவிருக்கும் செவிலியர்கள் பலர் கடன் வாங்கியாவது கொடுக்கிறார்கள்; அவர்களால் விரைவுபடுத்தக்கூடியது எதுவும் இந்த நடைமுறையில் இல்லை.

உங்கள் நிலையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தில் சுகாதாரம், கல்வி, சமூகப் பராமரிப்பு ஆகிய துறைகளில் திறன்சார் பணி விசாவுக்கு விண்ணப்பிப்பவர், 18 வயதுக்குப் பிறகு, கடந்த 10 ஆண்டுகளில் எந்த நாட்டில் 12 மாதங்களோ அதற்கு மேலோ வாழ்ந்தாரோ, அந்த ஒவ்வொரு நாட்டின் சான்றிதழையும் தர வேண்டும். ஆகவே சிங்கப்பூர்க் காவல்படையின் சான்றிதழும் உங்களுக்குத் தேவைப்படும். அதற்குக் கைரேகை கேட்பார்கள். இங்கிருந்தபடி அதை முறைப்படி எடுத்து அனுப்ப நாட்கள் பிடிக்கும் என்பதால், இந்தியச் சான்றிதழுக்கு முன்பே அந்த வேலையைத் தொடங்குங்கள்.

கேள்வி: 2019இல் திருவிழாத் தகராறில் என் மகன் மீது இந்திய தண்டனைச் சட்டத்தின் 294(பி) (ஆபாசமாகத் திட்டுதல்), 323 (அடித்துக் காயப்படுத்துதல்), 506(1) (மிரட்டல்) பிரிவுகளில் வழக்குப் பதிவானது. பின்பு இரு தரப்பும் சமாதானமாகி, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வழக்கை ரத்து செய்துவிட்டது. இப்போது மத்திய அரசுப் பணிக்குத் தேர்வாகியுள்ளான். சரிபார்ப்புப் படிவத்தில் இந்த வழக்கைக் குறிப்பிட வேண்டாம் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். ரத்தான வழக்கை ஏன் எழுத வேண்டும்?
– வாசகர், சிவகங்கை

ஐயா, உறவினர்கள் சொன்னபடி செய்யாதீர்கள். படிவத்தில் உள்ள கேள்வி என்ன என்பதை முதலில் சொல்லுக்குச் சொல் படியுங்கள். மத்திய அரசுப் பணிகளுக்கான சரிபார்ப்புப் படிவம், ‘உங்கள் மீது வழக்கு நிலுவையில் உள்ளதா’ என்பதோடு நிற்பதில்லை. ‘எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா, உங்கள் மீது எப்போதாவது வழக்குத் தொடரப்பட்டதா’ என்றும் கேட்கிறது. அப்படிக் கேட்டிருக்கும்போது, வழக்கு ரத்தானது என்பது ‘இல்லை’ என்று எழுதுவதற்கு உரிமை தராது. நீதிமன்றம் ரத்து செய்த பிறகும், முதல் தகவல் அறிக்கை பதிவானது என்ற செய்தி காவல் நிலையப் பதிவேட்டில் இருக்கும். விசாரணைக்கு வருபவர் அதைப் பார்த்துத்தான் அறிக்கை எழுதுவார்.

இது பற்றி உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, ‘அவ்தார் சிங் எதிர் இந்திய ஒன்றியம்’ வழக்கில் 2016 ஜூலை 21 அன்று அளித்த தீர்ப்பே இன்றும் வழிகாட்டி. விண்ணப்பதாரர் தரும் தகவல் உண்மையானதாக இருக்க வேண்டும். மறைத்தால் அதுவே நியமனத்தை ரத்து செய்யக் காரணமாகலாம் என்கிறது அத்தீர்ப்பு. இளவயதில் முழக்கமிட்டது போன்ற சிறு வழக்கை மறைத்திருந்தால், வேலை தருபவர் தம் விருப்புரிமையின்படி அதைப் பொறுத்துக்கொள்ளலாம். படிவத்தில் தெளிவாகக் கேட்கப்படாத ஒன்றைச் சொல்லவில்லை என்பதற்காக ஒருவரைக் குற்றம் சாட்ட முடியாது. அதே நேரத்தில், உண்மையைச் சொன்னவருக்கும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முடிந்துபோன வழக்கின் தன்மையை எடைபோடும் உரிமை வேலை தருபவருக்கு உண்டு. இந்தக் கடைசிப் பகுதியைச் சொல்லாமல் தீர்ப்பைப் பாதியாக மட்டும் எடுத்துச் சொல்பவர்கள் உங்களுக்குப் பொய் நம்பிக்கை தருகிறார்கள்.

இருந்தாலும் உங்கள் மகனின் நிலை வலுவானது என்றே கருதுகிறேன். 323, 506 ஆகிய பிரிவுகளை விசாரணை நீதிமன்றத்திலேயே சமாதானமாக முடித்துக்கொள்ளலாம். 294(பி) அப்படி முடித்துக்கொள்ளக்கூடிய பிரிவுகளின் பட்டியலில் இல்லை. நம் ஊர்த் தகராறு வழக்குகளில் இந்தப் பிரிவும் சேர்த்தே பதிவாவதால்தான், சமாதானமான பிறகும் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. (முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 482ஆம் பிரிவில் இருந்த, வழக்கை ரத்து செய்யும் உயர் நீதிமன்ற அதிகாரம், 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 528ஆம் பிரிவில் இருக்கிறது.) குற்ற எண், காவல் நிலையம், ஆண்டு, பிரிவுகள், உயர் நீதிமன்ற மனு எண், உத்தரவுத் தேதி ஆகிய அனைத்தையும் படிவத்தில் எழுதி, உத்தரவின் சான்றிட்ட நகலையும் இணைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். அந்த நகல் கையில் இல்லையென்றால் இன்றே விண்ணப்பித்து வாங்குங்கள். உத்தரவு வந்த நாளில் வழக்கறிஞர் தொலைபேசியில் ‘முடிந்துவிட்டது’ என்று சொன்னதோடு பலர் விட்டுவிடுகிறார்கள். ஆண்டுகள் கழித்து அதைத் தேடுவது பெரும்பாடு.

இதே நிலையில் இருந்துகொண்டு தமிழ்நாடு காவல் பணிக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மாநிலக் காவல் சார்நிலைப் பணி விதிகள் இன்னும் கடுமையானவை. சந்தேகத்தின் பலனை அளித்தோ, புகார்தாரர் பிறழ் சாட்சியாக மாறியதாலோ விடுதலையானவரையும் குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே அவ்விதிகள் கருதுகின்றன. அங்கே தீர்ப்பின் வாசகமே எல்லாம். குற்றச்சாட்டு உண்மையற்றது என்று நீதிமன்றம் சொன்னதா, நிரூபிக்கப்படவில்லை என்று மட்டும் சொன்னதா என்பதை வழக்கறிஞரிடம் காட்டித் தெளிவு பெற்ற பிறகே படிவத்தை நிரப்புங்கள்.

கேள்வி: என் தம்பி 16 வயதில் ஓர் அடிதடி வழக்கில் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தப்பட்டான். வழக்கு முடிந்துவிட்டது. இப்போது 22 வயது. அந்தப் பழைய பதிவு அவன் வேலையைக் கெடுக்குமா?
– வாசகி, வேலூர்

கெடுக்கக் கூடாது என்பதில் சட்டம் மிகத் தெளிவாக இருக்கிறது. இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 74ஆம் பிரிவு, முடிந்துபோன வழக்கில் சிறுவரைப் பற்றிய எந்தப் பதிவையும் நன்னடத்தைச் சான்றிதழுக்காகவோ வேறு காரணத்துக்காகவோ காவல்துறை வெளியிடக் கூடாது என்கிறது. 24ஆம் பிரிவு, அந்தக் குற்றத்தால் எந்தத் தகுதியிழப்பும் ஏற்படாது என்றும், மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் பதிவுகளை அழிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. கொடுங்குற்ற வழக்கில் பெரியவராகக் கருதி விசாரிக்கப்பட்ட, 16 வயது நிறைந்தவர்களுக்குத்தான் இதில் விலக்கு உண்டு. சாதாரண அடிதடிக்கு அது பொருந்தாது. சரிபார்ப்பு அறிக்கையில் இந்த வழக்கு இடம்பெற்றால், மேற்சொன்ன இரு பிரிவுகளையும் குறிப்பிட்டு மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு உடனே எழுதுங்கள். சிறு வயதில் தவறியவனுக்கு மறு தொடக்கம் தருவதற்காகவே செய்யப்பட்ட ஏற்பாடு இது. அதைக் கேட்டுப் பெறுவதில் தயக்கமே வேண்டாம்.

கேள்வி: தலைக்கவசம் அணியாததற்கு அபராதம் கட்டியிருக்கிறேன். இது சான்றிதழில் வருமா?
– வாசகர், ஈரோடு

வராது. ஆனால் குடித்துவிட்டு வாகனம் ஓட்டி, நீதிமன்றத்தில் தண்டனை பெற்றிருந்தால் அது குற்றத் தண்டனைதான். கேட்கும் படிவங்களில் எழுத வேண்டும்.

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரர் வேலித் தகராறில் என் மீது புகார் கொடுத்து, அவருக்கு சி.எஸ்.ஆர். ரசீதும் தந்தார்கள். கனடா விண்ணப்பத்துக்கு இது தடையாகுமா? என் பெயரில் வழக்கு இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகர், தஞ்சாவூர்

சி.எஸ்.ஆர். என்பது புகார் பெறப்பட்டதற்கான ரசீது. அது முதல் தகவல் அறிக்கை ஆகாது. அதன் மீது வழக்குப் பதிவாகாமல் முடித்து வைக்கப்பட்டிருந்தால் நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. பதிவானதா என்பதை அறிய, பாலியல் குற்றம், பயங்கரவாதம் போன்ற, வெளியிடத்தகாத வழக்குகள் தவிர மற்ற முதல் தகவல் அறிக்கைகளைக் காவல்துறை இணையதளத்தில் 24 மணி நேரத்துக்குள் வெளியிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016இல் உத்தரவிட்டிருப்பது உதவும். தமிழ்நாடு காவல்துறைத் தளத்தில் தேடிப் பாருங்கள். நீதிமன்றம் வரை போன வழக்கை இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரைக் கொண்டே தேடலாம். பெயரை ஆங்கிலத்தில் எழுதும் எல்லா வகைகளிலும், தந்தை பெயரோடு சேர்த்தும் தேடுங்கள்.

அதே பெயர் கொண்ட வேறொருவரின் வழக்கு உங்கள் மீது ஏற்றப்படுவதும் உண்டு. அப்போது பாஸ்போர்ட் அலுவலகம் விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பும். அதற்குப் பதில் தராமல் இருப்பதுதான் கோப்பு முடங்குவதற்கு முக்கியக் காரணம். குற்ற எண்ணைக் கேட்டுப் பெற்று, அந்த வழக்கில் உள்ளவரின் தந்தை பெயரும் முகவரியும் வேறு என்பதைக் காட்டி, மறு சரிபார்ப்பு கோருங்கள். காவல் நிலையத்தில் விவரம் தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுச் செய்யுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். கனடாவைப் பொறுத்தவரை, நீங்கள் இப்போது வசிக்கும் நாட்டின் சான்றிதழ், விண்ணப்பிப்பதற்கு முந்தைய ஆறு மாதங்களுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும் என்பதால், மிக முன்னதாகவே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டாம்.