கேத்தலில் வெள்ளைப் படை, தொட்டியில் பச்சைப் பாய்

மீன்தொட்டியின் தரையில் பாய் விரித்த மாதிரிப் படரும் செடிகளைப் பற்றித்தான் இம்முறை கிழக்கிலங்கை வாசகர்களின் கேள்விகள் அதிகம்.

கேத்தலில் வெள்ளையாகப் படிகிறது, சவர்க்காரம் நுரைப்பதில்லை. இந்த வன்னீரில் தரைச்செடி வளரவே வளராது என்கிறார்களே? (கல்லடி)

வளரும். வன்மை என்றால் தண்ணீரில் கரைந்திருக்கும் கல்சியமும் மக்னீசியமும்தான். இரண்டும் செடிக்குச் சாப்பாடு. சிக்கல் அவற்றோடு சேர்ந்து வரும் காபனேற்றில் இருக்கிறது. அது பிஎச் அளவை (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) 8 பக்கமாகப் பிடித்து வைத்துக்கொள்வதால், செடிக்குத் தேவையான காபனீரொட்சைட்டு தண்ணீரில் மிகக் குறைவாகவே மிஞ்சும். அந்தப் பற்றாக்குறையைத் தாங்கும் செடியைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

அதற்கு முன் ஒரு சோதனை. கல்லடி, மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள மணல்திட்டு. உங்கள் கிணற்றில் இருப்பது சுண்ணாம்பா, உப்பா, இரண்டுமா என்று தெரிய வேண்டும். ஒரு கோப்பைத் தண்ணீரைத் தட்டில் ஊற்றி வெயிலில் வற்றவிடுங்கள். எஞ்சும் வெள்ளைப் பொடியில் தேசிப்புளி விட்டதும் பொருபொருவென்று நுரைத்தால் சுண்ணாம்பு. வெறும் தண்ணீரிலேயே கரைந்து போனால் உப்பு. டிடிஎஸ் மீற்றர் கரைந்திருப்பவற்றின் மொத்த அளவைத்தான் காட்டும், இதைப் பிரித்துச் சொல்லாது.

எதுவாக இருந்தாலும் என் முதல் தெரிவு குட்டைச் சஜிட்டேரியா. அமெரிக்காவின் கிழக்குக் கரையில், கடல்நீர் ஏறி இறங்கும் ஆற்றுமுகங்களில் இயல்பாக வளர்வது. அதனால் சுண்ணாம்பும் தாங்கும், இலேசான உவரும் தாங்கும். பத்துச் செடியை நான்கு விரல் இடைவெளியில் நடுங்கள், கொடி ஓடித் தானே நிரப்பிக்கொள்ளும். வெளிச்சம் குறைந்தால் மட்டும் நெடுத்துவிடும்.

மொன்டே கார்லோ என்ற சின்ன இலைத் தரைச்செடி நட்டேன். இரண்டு கிழமையில் மஞ்சளாகிக் கரைந்துவிட்டது. தண்ணீர்தான் காரணமா? (காத்தான்குடி)

வன்மையை மட்டும் குறை சொல்ல மாட்டேன். நம் பக்கத்தில் தொட்டித் தண்ணீர் 29, 30 பாகைக்குப் போகிறது. இந்தச் செடிக்கு 22 முதல் 26 வரைதான் சுகம். காபனீரொட்சைட்டு வாயுச் சிலிண்டரும் நல்ல வெளிச்சமும் இல்லாமல் நானும் இரண்டு முறை நட்டு, இரண்டு முறையும் இழந்தேன்.

காசை அதில் விடாமல் கிரிப்டோகோரைன் பார்வா வாங்குங்கள். நம் இலங்கைக்கே உரிய செடி, வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. விரல் உயரம்தான் வரும். ஆனால் வளர்ச்சி மிக மெதுவு, தரை மூட ஒரு வருடத்துக்கு மேலாகலாம். நட்ட புதிதில் இலை கரைந்தாலும் வேரைப் பிடுங்காதீர்கள், மூன்று நான்கு கிழமையில் புதுத் தளிர் வரும். நாற்றுப்பண்ணைச் செடியாகப் பார்த்து வாங்குங்கள். ஓடையில் பிடுங்கிக் கொண்டுவந்து விற்பதை வாங்க வேண்டாம்.

கடற்கரை மணல் போடலாமா? (அக்கரைப்பற்று)

வேண்டாம். அதிலுள்ள சிப்பித் தூள் கரைந்து வன்மையைக் கூட்டிக்கொண்டே இருக்கும். ஆற்றுமணல் எடுத்து, தெளிய அலசிப் போடுங்கள். அதிலும் கொஞ்சத்துக்கு வினாகிரி விட்டுப் பாருங்கள், நுரைத்தால் அதிலும் சுண்ணாம்பு இருக்கிறது.

வயலில் முளைக்கும் ஆரைக்கீரை தொட்டிக்குள் வருமா? (ஆரையம்பதி)

ஆரையம்பதியில் இருந்தே இந்தக் கேள்வி வந்தது எனக்குப் பெரிய சந்தோஷம். ஆரைப்பற்றை என்ற உங்கள் ஊரின் பழைய பெயரிலேயே இந்தச் செடி இருக்கிறதே! தாராளமாக வரும். ஆரை ஒரு பன்னம். வெளிநாட்டுக் கடைகளில் தரைச்செடியாக விற்கும் மார்சிலியாவும் இதே பேரினம்தான்.

நாலிலையோடு இருக்கும் கொடியை, கணுவுக்குக் கணு வெட்டி மணலில் படுக்கவைத்து அமிழ்த்துங்கள். பழைய இலைகள் அழுகும், பயப்பட வேண்டாம். பிறகு தண்ணீருக்குள்ளேயே வரும் இலை வேறு மாதிரி இருக்கும். காம்பு குட்டையாகி, நாலிதழ் பெரும்பாலும் ஒற்றை இதழாகி, சின்னக் கரண்டி குத்திவைத்ததுபோல் நிற்கும். அதைக் கண்டால் செடி பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். வயலுக்கு மருந்து அடித்திருப்பார்கள். தனி வாளியில் வைத்து, நாள்தோறும் தண்ணீர் மாற்றி, பழைய இலை முழுக்க உதிர்ந்த பிறகு தொட்டிக்குக் கொண்டுபோங்கள். இறால் வளர்ப்பவர்கள் இன்னும் கவனமாக இருங்கள், மீனுக்கு முன் அதுதான் சாகும்.

புது இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. (சம்மாந்துறை)

இரும்புச் சத்துக் குறைவு. இரும்பு கரைந்தே இருக்க, அதை ஒரு பிடிப்பானோடு சேர்த்து விற்பார்கள். சாதாரண ஈடிடிஏ பிடிப்பான் 8 பக்கமான பிஎச்சில் நிற்காது. டிடிபிஏ என்று போத்தலில் எழுதியிருப்பது அதைவிடக் கூடுதலாகத் தாங்கும், அதை வாங்குங்கள்.

கச்சான் காற்றுக் காலத்தில் தொட்டி வேகமாக வற்றுகிறது. கிணற்றுத் தண்ணீரையே ஊற்றி நிரப்புகிறேன். இலைகளில் வெள்ளைப் பொருக்குப் பிடிக்கிறது, ஏன்? (கல்முனை)

ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், சுண்ணாம்பு உள்ளேயே தங்கிவிடும். அதன்மேல் கிணற்றுத் தண்ணீரை ஊற்ற ஊற்ற வன்மை ஏறுகிறது. காபனீரொட்சைட்டு கிடைக்காத செடி காபனேற்றை உடைத்து உண்ணும்போது, மிச்சச் சுண்ணாம்பு இலைமேல் படிகிறது. வலிஸ்னேரியா என்ற நாடா இலைச் செடியில் இதை நன்றாகக் காணலாம், தடவினால் நறநறக்கும்.

வற்றியதை மழைத்தண்ணீரால் நிரப்புங்கள். மாரி மழையில் முதல் இரண்டு மழை கூரையைக் கழுவிப் போகட்டும், அப்புறம் பீலியில் வருவதை மூடியுள்ள பரலில் பிடித்து வையுங்கள். கிழமைக்கு ஒருமுறை பாதித் தண்ணீர் மாற்றும்போது மட்டும் கிணற்றுத் தண்ணீர் போதும்.